கொசுவும் பச்சிலைச் சாறும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று எம்மைப் பேசப் பணித்த பொருள் கொசு. இலக்கணமும் இலக்கியமும் கற்பிப்பார்க்குக் கொசுவோடு யாது தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். காய்ச்சல் புகுந்த வீட்டிற் கல்வி நடவாது என்பதே தொடர்பு. ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் வகுப்பிற் பிள்ளைகள் இன்றி வெறிதே கிடக்கும் பலகைகளை எண்ணிப் பார்ப்பார்க்கு இது தானே விளங்கும்.

சென்ற கூட்டத்திலே, சங்கப் பொதுநிதியினின்றும் புகையடிக்கும் பொறியொன்று வாங்குதல் வேண்டும் என்று ஒரு சாரார் கூறினர். நஞ்சை ஏன் காசு கொடுத்து வாங்குதல் வேண்டும், நம் வேலியிற் கிடக்கும் பச்சிலையைப் பிழிந்து ஊற்றினாற் போதாதோ என்று மற்றொரு சாரார் மறுத்தனர். இரு திறத்தார் கூற்றையும் ஆராய்ந்து உரைக்குமாறு செயற்குழுவினர் எம்மைப் பணித்தனர். யாம் கற்றறிந்தவற்றையும், கற்றாரைக் கேட்டறிந்தவற்றையும் ஈண்டு உரைக்கின்றோம். எம் முடிபை முதற்கண்ணே கூறிவிடுதல் நலம். பச்சிலைச் சாறு கொசுப்புழுவைக் கொல்லும் என்பது மெய். ஆயினும், எந்தப் பச்சிலை, எம்முறையில் எடுத்த சாறு, எவ்வளவு, எந்த நீரில் என்னும் நான்கையும் அறியாதார் கையில் அது பயன்படாது. சில போழ்து தீங்கும் செய்யும்.

நம் வட ஆர்க்காட்டு நாட்டுக்கும் கொசு தரும் நோய்க்கும் உள்ள தொடர்பு நேற்று இன்று தோன்றியதன்று. மூளையைத் தாக்கிக் குழந்தைகளின் உயிரைப் போக்குவதும், பிழைத்தாருட் பலரை அறிவு குன்றியவராகவும் கைகால் முடங்கியவராகவும் ஆக்குவதுமாகிய ஜப்பானிய மூளைக்காய்ச்சல், இந்திய நாட்டில் முதன்முதல் அறியப்பட்டது 1955ஆம் ஆண்டிலே. அறியப்பட்ட இடம் நம் வட ஆர்க்காடு மாவட்டமே. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த குழந்தைகளின் நோயை ஆராய்ந்தே மருத்துவர் இதனைத் துணிந்தனர். 1964ஆம் ஆண்டிலே சிக்குன்குனியாக் காய்ச்சல் சென்னையிலும் வேலூரிலும் பரவிற்று. வேலூரில் அதனை ஆராய்ந்தோர், டெங்குக் காய்ச்சலும் அதனோடு உடன் உலவியதைக் கண்டனர். பின்னர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மறைந்திருந்த சிக்குன்குனியா, 2006ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டில் மீண்டும் தோன்றி, ஊர் ஊராகக் கைகால் மூட்டுகளை முடக்கியதை ஈண்டு அமர்ந்துள்ளாரிற் பலர் தம் உடம்பாலேயே அறிவர். 2019ஆம் ஆண்டிலே பழைய வேலூர் மாவட்டம் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாயிற்று. மாவட்டம் பிரிந்தது, கொசு பிரிந்திலது.

கொசு என்னும் பெயர் ஒன்றாயினும் இனம் பல. ஈழத்தார் நுளம்பு என்பர். நாம் கொசு என்போம். எப்பெயரால் அழைப்பினும், குருதி உண்பது பெண்கொசுவே. முட்டை ஈனுதற்கு அக்குருதி அதற்கு வேண்டும். நிலத்தை ஐந்திணையாகப் பகுத்தறிந்த தமிழர், கொசுவை அது பிறக்கும் நீரைக்கொண்டு பகுத்தறிதல் எளிது. டெங்குவும் சிக்குன்குனியாவும் பரப்பும் ஈடிஸ் கொசு, நாம் வீட்டிற் பிடித்து வைக்கும் தெளிந்த நீரில் முட்டையிடும், பகலிற் கடிக்கும். நகரத்து மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் இனம் கிணற்றிலும் மேனிலைத் தொட்டியிலும் பெருகும். யானைக்கால் நோய் தரும் கியூலெக்ஸ் கொசு சாக்கடையை விரும்பும், இரவிற் கடிக்கும். மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கியூலெக்ஸ் இனமோ நெல்வயலில் தேங்கிய நீரிற் பிறக்கும். அந்நோயின் நச்சுயிர் பன்றியின் உடலிலும் கொக்கு நாரை முதலியவற்றின் உடலிலும் பெருகிப் பின்னர்க் கொசு வழியே மக்களை அடையும். ஆதலின், சாக்கடையில் மட்டும் மருந்து ஊற்றி டெங்குவை ஒழிக்க எண்ணுவார், கள்வன் கொல்லைப் புறமாக வர, வாயிற் கதவைத் தாழிடுவாரை ஒப்பர்.

தெளிந்த நீர்க் கொசு நம் பகுதியில் மிகுதற்கு ஒரு காரணம் நம் ஊர்த் தொழிலோடும் இயைந்துள்ளது. பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கின்றது. தோல் பதனிடும் சாலைகளின் கழிவு ஆற்றுப் படுகையிலும் நிலத்தடி நீரிலும் கலந்து, கிணற்று நீரைக் குடித்தற்கு ஆகாதாக்கிற்று. அதுபற்றி வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தார் தொடுத்த வழக்கில், 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைத்தமை யாவரும் அறிந்ததே. கிணறு உதவாதபோழ்து, குழாயிலும் வண்டியிலும் வரும் நீரைப் பிடித்து வைத்தே குடும்பம் நடத்துதல் வேண்டும். அடுத்து நீர் வரும் நாள் யாதென உறுதியில்லாத தெருவில், தாய்மார் அண்டா, குடம், பீப்பாய், சிமெண்டுத் தொட்டி என ஒன்றும் விடாது நிரப்பி வைக்கின்றனர். அது அவர்கள் குற்றமன்று. ஆயினும் அந்நீர்தான் ஈடிஸ் கொசுவுக்குத் தொட்டில். பிடித்து வைத்த நீரைக் கொட்டிவிடுங்கள் என்று நீர் மலிந்த ஊரார் எளிதிற் கூறுவர். நம் தெருவில் அவ்வாறு கூறுதல் இயலாது. பச்சிலைச் சாறு பற்றிய ஆராய்ச்சி நமக்கு வேண்டற்பாலதாதற்கு இதுவே காரணம்.

இனிச் சாறு என்பது யாதென நோக்குவோம். தோற்றொழிலில் வாழ்ந்தார்க்கு இதனை யாம் விரித்துரைத்தல் மிகை. ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் நீரில் ஊறவைத்து அவற்றின் துவர்ப்பை இறக்கி, அச்சாற்றிலே தோலைப் பதப்படுத்திய முறை, குரோமிய உப்பு வந்து இடம்பிடிக்குமுன் நம் முன்னோர் கைவந்த கலையாகும். அவர்கள் புதிய தோலை முதலில் மெலிந்த சாற்றில் இடுவர். பின்னர்ப் படிப்படியாகச் செறிந்த சாற்றுக்கு மாற்றுவர். எடுத்த எடுப்பிலே செறிந்த சாற்றில் இட்டால் மேற்புறம் இறுகி, உள்ளே துவர்ப்பு ஏறாது தோல் கெடும். பட்டை நல்லது என்று அறிந்தால் மட்டும் போதாது. எவ்வளவு, எத்தனை நாள், எந்த வரிசையில் என்பதை அறிந்தவனே தொழிலாளி. கொசுவுக்குச் சாறிடும் செய்தியும் அத்தகையதே.

இச்செய்தியில் நமக்கு வழிகாட்டுவார் தொலைவில் இல்லை. வணிகரும் கொடைவள்ளலுமாகிய சி. அப்துல் ஹக்கீம் அவர்கள் பெயரால் மேல்விசாரத்தில் 1965ஆம் ஆண்டு தோன்றிய கல்லூரியின் விலங்கியல் துறையிலே, ஏ. அப்துல் ரகுமான் அவர்களும் அவர்தம் மாணாக்கரும் நம் நாட்டுச் செடிகள் பலவற்றின் சாற்றைக் கொசுப்புழுக்கள்மேல் இட்டு ஆராய்ந்து, உலக அறிஞர் படிக்கும் இதழ்களில் வெளியிட்டுள்ளனர். 2008ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில் ஆமணக்குக் குடும்பத்துச் செடிகள் ஐந்தை எடுத்துக்கொண்டனர். அவற்றுட் காட்டாமணக்கு, கீழாநெல்லி, அம்மான் பச்சரிசி, திருகுகள்ளி ஆகிய நான்கும் நம் வேலியிலும் வரப்பிலும் நாள்தோறும் காண்பனவே.

ஆராய்ந்த முறையையும் கேண்மின். செடியை உலர்த்திப் பொடித்து, பெட்ரோலியம் ஈதர் முதலிய நீர்மங்களில் அதன் சத்தை இறக்குவர். பின்னர் அந்நீர்மத்தைப் போக்கி, எஞ்சிய பசை போன்ற சாற்றை நிறுத்து, அளந்த நீரில் அளந்து கலப்பர். அந்நீரிலே எண்ணிய புழுக்களை விட்டு, 24 மணி நேரம் கழித்து இறந்தவற்றை எண்ணுவர். சாறு கலவாத நீரிலும் அதே எண்ணிக்கைப் புழுக்களை விட்டுப் பக்கத்தே வைத்திருப்பர். அங்கும் புழுக்கள் இறக்குமாயின் சாறு கொன்றது என்று கூறவொண்ணாது அன்றோ? எத்துணை அளவு சாறு பாதிப் புழுக்களைக் கொல்கின்றதோ, அதுவே அச்செடியின் வலிமைக்கு அளவுகோல்.

பெட்ரோலியம் ஈதரில் இறக்கிய சாற்றுக்குக் கிடைத்த எண்கள் இவை. ஈடிஸ் கொசுப்புழுவிற் பாதியைக் கொல்ல, ஒரு லிட்டர் நீருக்குத் திருகுகள்ளிச் சாறு 4.25 மில்லிகிராம் போதியதாயிற்று. காட்டாமணக்கு 8.79 மில்லிகிராம் வேண்டிற்று, கீழாநெல்லி 90.92, அம்மான் பச்சரிசி 272.36. ஒரே குடும்பத்துச் செடிகளேயாயினும், ஒன்றன் வலிமைக்கும் மற்றொன்றன் வலிமைக்கும் ஏறக்குறைய 64 மடங்கு வேறுபாடு இருத்தலைக் காண்மின். சாக்கடைக் கொசுவின் புழுவுக்கோ இந்நான்கின் அளவும் கூடிற்று: திருகுகள்ளி 5.52, காட்டாமணக்கு 11.34, கீழாநெல்லி 113.40, அம்மான் பச்சரிசி 424.94 மில்லிகிராம். எல்லாப் பச்சிலையும் ஒன்றே என்பார் கூற்று இவ்வெண்களின் முன் நில்லாது.

அவ்வாண்டிலேயே துத்திச் செடியையும் ஆராய்ந்தனர். மூலத்துக்குத் துத்திக்கீரை உண்ணும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதன் சாற்றினின்றும் பீட்டா சிட்டோஸ்டிரால் என்னும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, புழுவைக் கொல்லும் ஆற்றல் அதற்குண்டு என நிறுவினர். அனாபிலிஸ் புழுவிற் பாதியைக் கொல்ல லிட்டருக்கு 3.58 மில்லிகிராமும், ஈடிஸ் புழுவுக்கு 11.49 மில்லிகிராமும், சாக்கடைக் கொசுப்புழுவுக்கு 26.67 மில்லிகிராமும் வேண்டியிருந்தன. ஒரே பொருள் மூன்று கொசுவிடத்தும் மூவேறு வகையாக நடத்தலை இஃது உணர்த்தும்.

இவற்றைக் கேட்ட அளவில், நாளையே திருகுகள்ளியை வெட்டிக் குடிநீர்த் தொட்டியில் இடலாம் என்று யாரும் எழுந்து செல்லற்க. மூன்று காரணங்கள் தடுக்கின்றன.

முதலாவது, அவர்கள் இறக்கிய சாறும் நாம் அம்மியில் அரைத்துப் பிழியும் சாறும் ஒன்றல்ல. நீரிற் கரையும் பொருள் வேறு. ஈதரிற் கரையும் பொருள் வேறு. இதற்குச் சீன நாட்டிலிருந்து ஒரு சான்று காட்டுவோம். மலேரியாவுக்கு மருந்து தேடிய து யூயூ என்னும் அம்மையார், நம் மாசிபத்திரிக்கு இனமான ஒரு செடியைக் காய்ச்சிச் சோதித்தபோழ்து உறுதியான பயன் காணவில்லை. நான்காம் நூற்றாண்டிற் கே ஹோங் என்பார் எழுதிய மருத்துவ நூலிலே, அச்செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து அருந்துக என்றிருந்ததைக் கண்டார். காய்ச்சுக என்று அங்கே கூறப்படவில்லை. வெப்பமே மருந்தைக் கெடுக்கின்றது போலும் என உய்த்துணர்ந்து, குறைந்த வெப்பத்திற் கொதிக்கும் ஈதரால் 1971ஆம் ஆண்டிற் சாறு இறக்கினார், பயன் கண்டார். அவ்வாராய்ச்சி 2015ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றது. பழநூல் வழிகாட்டிற்று, சோதனை அதனை உறுதி செய்தது. பழநூலைப் போற்றுவார் சோதனையை இகழ்தலும், சோதனையைப் போற்றுவார் பழநூலை இகழ்தலும் ஆகா என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

இரண்டாவது, பாதியைக் கொல்லும் அளவு நமக்குப் போதாது. நூறு புழுவில் ஐம்பது எஞ்சினால் அவ்வைம்பதும் பறக்கும். முழுவதும் ஒழிய அளவை இன்னும் கூட்டுதல் வேண்டும். அன்றியும், ஆராய்ச்சிச் சாலையில் நீர் தெளிந்தது. நம் சாக்கடையிலோ சோற்றுக் கஞ்சியும் சோப்பு நீரும் சேறும் கலந்து கிடக்கின்றன. கண்ணாடிக் குவளையில் வென்றது சாக்கடையிலும் வெல்லும் என்பது தானே பெறப்படுவதன்று. அங்கும் சோதித்தே அறிதல் வேண்டும்.

மூன்றாவது காரணமே தலையாயது. கொல்லும் பொருள் கொல்லுமிடம் அறியாது. கள்ளிப்பால் என்னும் சொல்லைக் கேட்ட அளவிலே தமிழ்நாட்டுத் தாய்மார் நெஞ்சம் நடுங்கும். அந்நடுக்கத்தின் காரணத்தை யாம் இவ்வவையில் விரித்தல் வேண்டா. திருகுகள்ளிப் பால் கண்ணிற் பட்டால் கடுமையாக எரித்துப் பார்வையை மறைக்கும். நீர்நிலையில் இட்டால் மீனும் மடியும். காட்டாமணக்கு விதையைத் தின்ற பிள்ளைகள் வாந்தியும் பேதியும் கண்டு மருத்துவமனை சேர்தல் நாம் அறிந்ததே. நகராட்சியார் நீர்த்தொட்டியில் இடும் அபேட் என்னும் டெமிபாஸ் மருந்துக்கு, லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேற்படாத அளவு என்று வரையறை உண்டு. அவ்வரையறை, மக்கள் அருந்தினும் தீங்கின்மையைப் பல்லாண்டு ஆராய்ந்து வகுத்தது. கள்ளிச் சாற்றுக்கு அத்தகைய வரையறை யாரும் வகுக்கவில்லை. ஆதலின் குடிக்கும் நீரில் எப்பச்சிலைச் சாற்றையும் நாமாக இடலாகாது. பச்சிலை என்பதனாலேயே ஒரு பொருள் தீங்கற்றது ஆகிவிடாது. எட்டிக்காயும் பச்சிலை மரத்துக் காயே.

அங்ஙனமாயின் செடிச் சாறு மக்களுக்குப் பயன்பட்டதே இல்லையோ எனின், உண்டு. நம் தமிழ்நாட்டிலேயே உண்டு. டால்மேஷியா என்னும் ஐரோப்பியப் பகுதியிற் பிறந்த, சாமந்தி இனத்துப் பூவொன்றினின்றும் எடுக்கும் சாற்றுக்குப் பைரித்ரம் என்பது பெயர். மேட்டூர் அணையின் புதிய வாய்க்கால் நீர் பாய்ந்த பட்டுக்கோட்டைப் பகுதியில் மலேரியா மிகுந்தபோழ்து, 1930களின் இறுதியில் பால் ரசல் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவர்தம் துணைவரும் அச்சாற்றை வீடுகளில் தெளித்துக் கொசுவைக் கொன்று நோயைக் குறைத்துக் காட்டினர். பின்னர் டி.டி.டி. வந்தது. அதன் கொல்லும் ஆற்றலைக் கண்ட பால் முல்லர் 1948ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். 1953ஆம் ஆண்டு தொடங்கிய தேசிய மலேரியாத் திட்டத்தால் நோயாளர் தொகை 1965ஆம் ஆண்டில் ஏறக்குறைய ஓரிலட்சமாகக் குறைந்தது. ஆயின் கொசு அம்மருந்தைத் தாங்கப் பழகிற்று, பணியும் தளர்ந்தது, 1976ஆம் ஆண்டில் அத்தொகை 64 இலட்சத்துக்கு மேல் ஏறிற்று. இலங்கையிலும் 1963ஆம் ஆண்டில் 17 பேர் என்னுமளவுக்குக் குறைந்த மலேரியா, வெற்றி கிட்டிற்று என்று கைவிட்ட பின்னர், அப்பதிற்றாண்டின் முடிவிற் பல இலட்சமாகப் பெருகிற்று. மீண்டும் இடையறாது முயன்று 2016ஆம் ஆண்டிலே அந்நாட்டார் மலேரியா அற்ற நாடு என்னும் சான்று பெற்றனர். ஒரே மருந்தை நம்பி ஓய்ந்திருத்தலின் விளைவு இஃதென்க. செடிச் சாற்றின் சிறப்பும் ஈண்டே உள்ளது. சாற்றிற் பல பொருள்கள் கலந்திருத்தலால், கொசு அவை அனைத்தையும் ஒருங்கே தாங்கப் பழகுதல் அரிதாம்.

நம் கைக்கு எட்டியதும், பயன் பலரால் ஆராயப்பட்டதும் ஆகிய செடி வேம்பே. வேப்பங்கொட்டையில் உள்ள அசாடிராக்டின் என்னும் பொருள், புழு தோலுரித்து வளருதலைத் தடுக்கும். ஆதலின் புழு உடனே மடியாது, வளராது மடியும். எண்ணெயோ நீரின்மேல் ஏடுபோற் படர்ந்து, மூச்சு வாங்க மேலே வரும் புழுவைத் திணறச் செய்யும். தில்லியிலிருந்த மலேரியா ஆராய்ச்சி மையத்தார், 5 விழுக்காடு வேப்பெண்ணெய்க் கலவையில் தோய்த்த மரச்சீவல் உருண்டைகளை மேனிலைத் தொட்டிகளில் இட்டு, 45 நாள் கொசுப் பிறவாமையைக் கண்டு 1995ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அம்மையத்தார் 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சியில், தேங்காயெண்ணெயில் 2 விழுக்காடு வேப்பெண்ணெய் கலந்து உடம்பிற் பூசினார்க்கு அனாபிலிஸ் கொசுக்கடி 12 மணி நேரம் இல்லையாயிற்று. வேம்புக்கும் குறை உண்டு. வெயிலில் அதன் ஆற்றல் விரைவிற் கெடும். ஆதலின் மீண்டும் மீண்டும் இடுதல் வேண்டும். வேப்பெண்ணெயைப் பச்சிளங் குழந்தைக்கு உள்ளுக்குப் புகட்டுதல் வலிப்புக்கும் சாவுக்கும் காரணமாயிருக்கின்றது. பாட்டிமார் இதனை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

நொச்சித் தழையை மாலையிற் புகைக்கும் வழக்கம் நல்லதே. ஆயினும் அது கொசுவை விரட்டுமேயன்றிக் குறைக்காது. நம் வீட்டினின்றும் சென்ற கொசு அடுத்த வீட்டிற் புகும். புகை அடங்கியபின் திரும்பும். தொட்டிற் குழந்தையும் ஈளை நோயாளரும் உள்ள அறையில் எப்புகையும் ஆகாது. நிலவேம்புக் குடிநீர் காய்ச்சல் கண்டார்க்கு மருத்துவர் சொற்படி தருவது. அதனாற் கொசு சாகாது. அதனை அருந்திவிட்டு, மூன்றாம் நாளிலும் தணியாத காய்ச்சலோடு பிள்ளையை வீட்டிலே கிடத்துதல் உயிருக்கு உலை வைப்பதாகும். டெங்குவிற் காய்ச்சல் தணியும் நாளே சிலர்க்கு இடர் மிகும் நாளாம். வயிற்று வலி, இடையறாத வாந்தி, குருதிக் கசிவு, சோர்வு இவற்றுள் ஒன்று கண்டாலும் அந்நொடியே மருத்துவமனை சேர்தல் வேண்டும். மூளைக்காய்ச்சலுக்கோ தடுப்பூசி உண்டு. அந்நோய் மிகும் மாவட்டங்களில் 9 மாதம் நிறைந்த குழந்தைக்கு ஒரு முறையும், 16 முதல் 24 மாதத்துக்குள் மற்றொரு முறையும் அதனைக் கட்டணமின்றிப் போடுகின்றனர். அதனைத் தவறவிடுதல் தகாது.

இனிப் புகைப் பொறியைப் பற்றிச் சில கூறுவோம். அப்புகை, பறக்கும் கொசுவின்மேற் படிந்தாலன்றிக் கொல்லாது. ஈடிஸ் கொசுவோ கட்டிலின் அடியிலும் தொங்கும் உடையின் மடிப்பிலும் வீட்டினுள்ளே ஒளிந்திருப்பது. தெருவிற் செல்லும் புகை அதனை எட்டுதல் அரிது. தொட்டியில் உள்ள புழுவை அப்புகை தீண்டாது. மறுநாட் காலையிற் புதுக்கொசு பறக்கும். நோய் பரவும் காலத்தில், நோயாளர் வீட்டையும் சுற்றுப்புறத்தையும் பொது நல்வாழ்வுத் துறையார் உரிய மருந்தால் தெளித்தல் தக்கதே. அவர்கள் வீட்டினுள்ளே தெளிப்பதற்குக் கொள்ளும் மருந்துகளுள் ஒன்று, யாம் முன்னே கூறிய பைரித்ரமே. அதன் 2 விழுக்காட்டுச் சாற்றில் ஒரு பங்கிற்கு 19 பங்கு மண்ணெண்ணெய் சேர்ப்பர். அளவு அறிந்தார் செய்யும் அவ்வேலையை, அளவு அறியாத நாம் பொறி வாங்கிச் செய்தல் பொருளும் விரயம், நலமும் ஐயம்.

ஆகலின், பொதுநிதியைப் பற்றி எம் கருத்து இது. பொறி வாங்க வேண்டா. அத்தொகையில் முதற்கண், வசதியற்ற உறுப்பினர் வீட்டு நீர்த்தொட்டிக்கும் பீப்பாய்க்கும் இறுக மூடும் மூடியும், வாயைக் கட்டும் நெருங்கிய துணியும் வாங்கித் தருவோம். நீரைக் கொட்ட இயலாத தெருவுக்கு மூடியே மருந்து. முட்டை கொசுவாதற்கு ஏழு முதற் பத்து நாள் செல்லும். ஆதலின் வாரம் ஒருமுறை கலத்தை வற்றவிட்டுத் தேய்த்துக் கழுவினால் கொசு பிறவாது. ஈடிஸ் முட்டை கலத்தின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு, நீரின்றியும் பல மாதம் உயிரோடிருக்கும். ஆதலின் கொட்டினால் மட்டும் போதாது, நாரும் சாம்பலும் கொண்டு தேய்த்தல் வேண்டும். வெள்ளிக்கிழமை வீடு கழுவி விளக்கேற்றும் வழக்கம் நம் குடும்பங்களில் உண்டு. அந்நாளையே கலங் கழுவும் நாளாகவும் கொள்வோம். அவ்வேலையும் தாய்மார் தலைமேலேயே விழுதல் முறையன்று. பீப்பாயைச் சாய்த்தற்கு ஆண்மக்களின் தோளும் வேண்டும்.

இரண்டாவது, சாக்கடைக்கும், தூர்க்க இயலாத கழிவுநீர்ப் பள்ளத்துக்கும் வேப்பெண்ணெய் இடுவோம். ஆனி, ஆடித் திங்களில் உதிரும் வேப்பம் பழத்தை இளைஞரும் பிள்ளைகளும் பொறுக்கினால், கொட்டைக்குச் செலவில்லை. செக்குக் கூலியே செலவு. எண்ணெய் நீரொடு கலத்தற்குச் சிறிது சோப்புக் கரைசல் சேர்த்தல் வேண்டும். மீன் விட்ட கிணற்றிலும் குடிநீரிலும் இதனை இடலாகாது. கிணற்றுக்குக் கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன் ஏற்றது. 1928ஆம் ஆண்டிலேயே இந்நாட்டுக்குக் கொணரப்பட்ட மீன் அது.

மூன்றாவது, அறிவியல் பயின்ற நம் இளைஞர் இருவரை, கொசுவாராய்ச்சி வல்லாரிடம் அனுப்பிப் புழுவை இனம் பிரித்தறியவும் சாற்றின் வலிமையை அளந்தறியவும் பயிற்றுவிப்போம். 1975ஆம் ஆண்டு முதல் புதுச்சேரியில் இதற்கென்றே ஒரு நடுவண் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. மேல்விசாரமோ நமக்குக் கூப்பிடு தொலைவு. எந்தத் தெருவில், எந்த நீரில், எந்தக் கொசு என்று எழுதி வைத்த ஓர் ஏடு சங்கத்தில் இருக்குமாயின், அது புகைப் பொறியினும் விலை மிக்கதாகும். சாறு இடுமுன் புழுவை எண்ணுக. இட்டபின் மறுநாளும் எண்ணுக. குறையாவிடின் முறையை மாற்றுக. எண்ணாமற் செய்யும் மருந்து நம்பிக்கையேயன்றி மருந்தன்று.

இறுதியாக ஒன்று கூறுவோம்; சிலர்க்கு இது கசப்பாகவும் இருக்கலாம். இச்சங்கம் நம் குலத்தாருக்காக நம் முன்னோர் கண்டது. நம் குலத்துப் பிள்ளைகளின் கல்விக்கும் நல்வாழ்வுக்கும் இது செய்துவரும் தொண்டு பெரிது. ஆயின் கொசு குலம் கேட்டுக் கடிப்பதன்று. ஈடிஸ் கொசு பெரும்பாலும் தான் பிறந்த இடத்தினின்றும் 400 மீட்டருக்குள்ளேயே திரியும் என்பர். நம் தெருவினின்றும் 400 மீட்டர் அளந்து பார்மின். அவ்வட்டத்துள் எத்தனை குலத்தார் தெரு, எத்தனை சமயத்தார் தெரு வருகின்றன! பள்ளிவாசல் தெருவும், தேவாலயத்துத் தெருவும், நாம் கால் வைக்கத் தயங்கும் சேரியும் அவ்வட்டத்துள் அடங்கும். சாக்கடை நம் தெருவிற் தொடங்கி அவர்கள் தெருவிற் தேங்குகின்றது. அங்கே மூடியில்லாத தொட்டியிற் பிறந்த கொசு, நம் வீட்டு மூடிய தொட்டியைக் கண்டு திரும்பிச் செல்லாது. நம் பிள்ளையைக் கடிக்கும். நம் தெருவை மட்டும் காப்போம் என்பது, ஒரே தோணியில் நம் பக்கத்துத் துளையை மட்டும் அடைப்பதை ஒக்கும்.

ஆகலின், மூடி தருவதாயின் அச்சுற்றிலுள்ள வறியார் யாவர்க்கும் தருவோம். வேப்பங்கொட்டை பொறுக்குவதாயின் எல்லாத் தெருப் பிள்ளைகளையும் சேர்ப்போம். ஏட்டில் எழுதுவதாயின் எல்லாத் தெருவையும் எழுதுவோம். நம் குலத்துக்கு இதனால் பெருமை குறையுமோ என்று ஐயுறுவார்க்கு எம் விடை இது: பிறர் குழந்தையைக் காத்தலாற் குறையும் பெருமை எக்குலத்துக்கும் இல்லை.

வேலியிற் கிடக்கும் செடியின் ஆற்றலை அறிஞர் அளந்து காட்டினர். அளவறிந்து கையாளுதலும், ஒன்றுகூடிக் கையாளுதலும் நம் கடன். இக்கருத்தை ஆராய்ந்து, தக்கதாயின் தீர்மானமாக நிறைவேற்றுமாறு அவையினரை வேண்டி அமர்கின்றோம்.